சொல் பிறத்தலும் சொல் நிலைத்தலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர் நிறைந்த அவையில் அறிவியற் கலைச்சொற்களைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். கவிஞர் ஒரு சொல்லுக்குள் பல பொருள் ஒளிரக் கண்டு மகிழ்பவர். அறிவியலாரோ ஒரு சொல் ஒரு பொருளையே சுட்ட வேண்டும் என்று வற்புறுத்துபவர். ஒருவருக்கு அணியாக அமைவது மற்றவர்க்குப் பிழையாக அமைகிறது. எனினும் சொல்லை நிறுத்துப் பார்த்து, இது வேண்டும், இது வேண்டா என்று தேர்ந்தெடுக்கும் பழக்கம் இருவர்க்கும் பொது. ஆதலால் இப்பொருள் இவ்வவைக்குப் புறம்பானது அன்று.

தமிழில் அறிவியல் வளரவில்லை என்பார் முதலில் சுட்டும் காரணம் சொற்பஞ்சம். வரலாற்றை நோக்குவார்க்கு இக்கூற்று பொருந்தாது என்பது விளங்கும். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழில் கலைச்சொற்கள் ஆக்கப்பட்டு வருகின்றன. ஒரு கருத்துக்கு மூன்று சொல், நான்கு சொல் என்று குவிந்தும் கிடக்கின்றன. இல்லாதது சொல் அன்று. எந்தச் சொல் எந்தக் கருத்துக்கு உரியது என்னும் உடன்பாடே இல்லாதது. சொல்லைப் பிறப்பிக்க ஓர் அறிஞர் போதும். நிலைபெறச் செய்ய ஒரு சமூகமே கூடி இசைய வேண்டும். இவ்வுரை நிறுவ விழைவது இதுவே.

யாப்பு காட்டும் வழி

கலைச்சொல் என்பது மேலைநாட்டு அறிவியலோடு வந்திறங்கிய புதுச்சரக்கு என்று கருதுவோர் உளர். தமிழ் இலக்கணமே ஒரு பெருங் கலைச்சொல் தொகுதி என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். எழுத்து, உயிர், மெய், வேற்றுமை, தொகை, எச்சம் ஆகிய அனைத்தும் மக்கள் வழக்கிலிருந்து எடுக்கப்பட்டு, வரையறுத்த பொருள் ஏற்றப்பட்ட சொற்களே. உயிர் என்றும் மெய் என்றும் பெயரிட்டவர் அவை இரண்டும் கூடிய எழுத்துக்கு வேறொரு பெயரைத் தேடி அலையவில்லை. உயிர்மெய் என்றார், முடிந்தது. பெயர்களுக்கிடையே உள்ள உறவு கருத்துகளுக்கிடையே உள்ள உறவை அப்படியே காட்டுகிறது. நல்ல கலைச்சொல் தொகுதிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

கவிஞர்கள் நாள்தோறும் கையாளும் யாப்பை எண்ணிப் பார்க்கலாம். அசை, சீர், தளை, அடி, தொடை ஆகியவை வரிசையாக ஒன்றிலிருந்து ஒன்று எழுவன. தளை என்பது கட்டு. சீரோடு சீரைக் கட்டுவதால் அப்பெயர் பெற்றது. தொடை என்பது தொடுத்தல், பூத்தொடுப்பாரிடமிருந்து பெற்றது. சீர்களின் வாய்பாடு இன்னும் நுட்பமானது. தேமா என்னும் மரப்பெயரே நேர் நேர் என்று அசைகிறது. புளிமா என்பதே நிரை நேர் என்று ஒலிக்கிறது. தன் இலக்கணத்தைத் தன் வடிவிலேயே தாங்கி நிற்கும் கலைச்சொல் உலக மொழிகளில் அரிது.

நூலாசிரியர் தாமே ஒரு குறியீடு இட்டு வழங்கலாம் என்பதைத் தொல்காப்பியமும் நன்னூலும் நூலுக்குரிய உத்திகளுள் ஒன்றாக எண்ணியுள்ளன. கலைச்சொல் ஆக்கும் உரிமை தமிழில் இலக்கண ஒப்புதல் பெற்றது என்பதற்கு இதுவே சான்று.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. தொல்காப்பியம் நேர், நிரை என்பவற்றோடு நேர்பு, நிரைபு என்னும் அசைகளையும் கொண்டது. யாப்பருங்கலம் முதலான பிற்கால நூல்கள் நேர், நிரை என்னும் இரண்டோடு அமைந்தன. கருத்தமைப்பு மாறியபோது கலைச்சொல் தொகுதியும் திருத்தப்பட்டது. நிலைபெறுதல் என்றால் அசையாது கிடத்தல் அன்று. மாற்றம் வேண்டின் எல்லாரும் அறிய மாற்றுதல் என்பதே அதன் பொருள். தமிழ் மரபு இதனை முன்பே அறிந்திருந்தது.

கிறீன் முதல் விபுலாநந்தர் வரை

மேலை அறிவியலைத் தமிழில் தரும் முயற்சிகளுள் முதன்மையானது யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 ஆம் ஆண்டு அங்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அவர் 1864 ஆம் ஆண்டு முதல் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. நூல்களோடு அமையாது அருஞ்சொல் தொகுதிகளையும் அவர் தனியே அச்சிட்டார். தமிழில் முன்பே வழங்கும் சொல்லை முதலில் தேடுக. கிடைக்காதபோது வடமொழியை நாடுக. அதுவும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப எழுதுக என்பது அவர் கைக்கொண்ட நெறி.

அவர் நூல்களில் உடற்கூற்றியல் அங்காதிபாதம் என்றும், உடலின் தொழிற்பாட்டை ஆராயும் துறை சுகரணம் என்றும் வழங்கின. இன்று மருத்துவ மாணவர் எவரும் இச்சொற்களை அறியார். இச்சொற்கள் பொருளற்றவை ஆதலால் மறைந்தன என்று கூற இயலாது. 1873 ஆம் ஆண்டு கிறீன் தாயகம் திரும்பிய பின்னர்த் தமிழில் மருத்துவம் கற்பித்தல் நெடுங்காலம் நீடிக்கவில்லை. வகுப்பு நின்றது, வகுப்பில் வாழ்ந்த சொல்லும் நின்றது. பயிற்சிக் களம் இல்லாத கலைச்சொல் அகராதிக்குள் அடங்கி விடும் என்னும் பாடத்தை மானிப்பாய் கற்பித்தது.

அடுத்த முயற்சி 1916 ஆம் ஆண்டு சேலத்தில் தோன்றியது. இராசாசியும் வெங்கடசுப்பையரும் முன்னின்று கலைச்சொல் ஆக்கத்துக்கென ஒரு சங்கம் கண்டு, இதழ் ஒன்றும் நடத்தினர். பாரதியார் இம்முயற்சியை வரவேற்று எழுதினார். தமிழ்ச் சொற்களை ஆராய வந்த இதழ் ஆங்கிலத்தில் வெளிவருவது குறித்து வருந்தவும் செய்தார். அவ்வருத்தம் ஆழ்ந்த பொருளுடையது. எவர் அச்சொற்களை வழங்கப் போகின்றனரோ அவர் அவ்வுரையாடலுக்குள் இடம்பெறாவிடின் சொல் வேர் கொள்ளாது.

1930களில் பணி விரிந்தது. அரசு வெளியிட்ட தொகுப்பில் வடசொற்கள் மிக்கிருந்தமை தமிழறிஞரிடையே மனக்குறையை எழுப்பியது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் துறைதோறும் குழு அமைத்துச் சொற்களைத் திரட்டியது. 1936 ஆம் ஆண்டு சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குச் சுவாமி விபுலாநந்தர் தலைமை தாங்கினார். இ. மு. சுப்பிரமணிய பிள்ளையின் அயராத உழைப்பால் 1938 ஆம் ஆண்டு ஏறத்தாழ 10,000 சொற்கள் கொண்ட கலைச்சொற்கள் என்னும் நூல் வெளியாயிற்று. 1940 ஆம் ஆண்டு அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் மற்றொரு குழுவை அமைத்தபோது தமிழ்ச் சொல்லா வடசொல்லா என்னும் பூசல் மீண்டும் மூண்டது.

விபுலாநந்தர் கீழை இலங்கையின் காரைதீவில் பிறந்தவர். அறிவியற் பட்டம் பெற்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். யாழின் நரம்புகளைக் கணித அளவால் ஆராய்ந்து 1947 ஆம் ஆண்டு யாழ்நூல் தந்தவர். கடலின் இரு கரைகளையும் அறிவியல், இலக்கியம் என்னும் இரு துறைகளையும் தம்முள் இணைத்த ஒருவரைத் தலைவராகப் பெற்றது அந்த மாநாட்டின் பேறு. அவர் இணைத்த கரைகள் கலைச்சொல் வகையில் பிற்காலத்தில் பிரிந்து நின்றன. அப்பிரிவின் அளவை அடுத்து நோக்கலாம்.

இரு கரைகள், இரு வழக்குகள்

இலங்கையிலும் தமிழகத்திலும் பள்ளிக் கல்வி தாய்மொழி வழியே அமைந்தபோது இரு நாட்டாரும் தனித்தனியே கலைச்சொற்களை வகுத்தனர். தமிழகத்தில் இயற்பியல், வேதியியல் என வழங்குவன இலங்கையில் பௌதிகவியல், இரசாயனவியல் எனப்படுகின்றன. ஆக்ஸிஜன், ஹைட்ரஜன், கார்பன் எனத் தமிழகம் எழுதுவனவற்றை ஒட்சிசன், ஐதரசன், காபன் எனத் தமிழ் எழுத்து மரபுக்கு இசைய இலங்கை எழுதுகிறது. இங்குத் தனிமம் எனப்படுவது அங்கு மூலகம். இங்கு ஒளிச்சேர்க்கை எனப்படுவது அங்கு ஒளித்தொகுப்பு. இங்குச் செல் எனப்படுவது அங்குக் கலம்.

இவ்வேறுபாடுகளால் பெருந்தீங்கு ஏதுமில்லை. இவை ஒருபொருட் பன்மொழி என்னும் வகையின. மூலகம் என்னும் சொல்லை அறியாத தமிழக மாணவர் அதனைக் கண்டவுடன் தமக்குத் தெரியாத சொல் என்று உணர்வார், கேட்டுத் தெளிவார். அறியாமை தன்னைத் தானே அறிவித்துவிடுகிறது.

தீங்கு விளைவிப்பது பலபொருள் ஒருசொல். தமிழகப் பாடநூல்களில் நிறை என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவைக் குறிக்கும். அப்பொருளைப் புவி ஈர்க்கும் விசை எடை எனப்படும். இலங்கைப் பாடநூல்களில் பருப்பொருளின் அளவு திணிவு எனப்படும். புவி ஈர்க்கும் விசையே நிறை எனப்படும். கிலோகிராமில் அளக்க வேண்டியதற்கு ஒரு கரையும், நியூட்டனில் அளக்க வேண்டியதற்கு மறு கரையும் ஒரே சொல்லை வழங்குகின்றன. நிலவுக்குச் சென்றாலும் ஒரு பொருளின் நிறை மாறாது என்னும் தொடர் தமிழகத்தில் சரியான விடை. இலங்கையில் பிழையான விடை.

வேகம் என்னும் சொல்லும் இத்தகையதே. தமிழகத்தில் திசையைக் கருதாத விரைவு வேகம் எனவும், திசையோடு கூடியது திசைவேகம் எனவும் கற்பிக்கப்படுகின்றன. இலங்கையில் திசையைக் கருதாதது கதி. திசையோடு கூடியதே வேகம். காரம் என்பது தமிழகத்தில் அமிலத்துக்கு எதிரான வகை முழுவதையும் சுட்டும். இலங்கையில் அவ்வகை முழுவதும் மூலம் எனப்பட, அதன் ஒரு பிரிவே காரம் எனப்படுகிறது.

இங்கு மாணவர் தாம் மயங்கியதையே அறியமாட்டார். பழகிய சொல் பழகிய முகத்தோடு வந்து வேறு பொருளைச் சொல்லிவிட்டுப் போகிறது. 1983 ஆம் ஆண்டிற்குப் பின் கடல் கடந்து தமிழகம் வந்து, இங்குள்ள பள்ளிகளில் சேர்ந்த ஈழத்துப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். வீட்டையும் ஊரையும் இழந்து வந்த பிள்ளைக்குத் தாய்மொழி ஒன்றே எஞ்சிய உடைமை. அந்த மொழியின் பழகிய சொல்லே தேர்வுத்தாளில் கைவிடுமானால் அது வெறும் மதிப்பெண் இழப்பு அன்று.

இன்று மற்றொரு வாசகரும் வந்து சேர்ந்துள்ளார். இரு கரை நூல்களையும் ஒரே குவியலாகப் படித்துத் தமிழ் கற்கும் கணிப்பொறியே அது. ஒரு பத்தியில் திணிவும் நிறையும், அடுத்த பத்தியில் நிறையும் எடையும் கலந்து வந்தால் எந்த நிறை எதுவென அது எங்ஙனம் அறியும்? மனிதர் தீர்க்காது விட்ட குழப்பம் கணிப்பொறியின் வழியே பன்மடங்காகப் பெருகும்.

களரும் உவரும்

சொல் மயக்கம் ஏட்டளவில் நிற்பதில்லை, நிலத்திலும் விளைகிறது. இதற்கு வேளாண்மைத் துறையில் நல்லதொரு சான்று உண்டு.

களர், உவர் என்பன பழந்தமிழ்ச் சொற்கள். கல்லாதவரைத் திருக்குறள் களர் நிலத்துக்கு ஒப்பிடுகிறது. பொது வழக்கில் இரண்டும் பயன்படா நிலத்தைக் குறிப்பனவாய், ஒன்றற்கு ஒன்று மாற்றாகவும் வழங்கின. மண்ணியல் இவ்விரண்டையும் எடுத்து எல்லை கட்டியது. மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் அளவைக் கடந்து, கார அமிலநிலை 8.5க்குக் குறைந்து, மண்ணில் ஒட்டிய மாற்றத்தக்க சோடியம் 15 விழுக்காட்டுக்குக் குறைந்து இருப்பின் அது உவர் நிலம். மின்கடத்துதிறன் 4க்குக் குறைந்து, கார அமிலநிலை 8.5ஐக் கடந்து, சோடியம் 15 விழுக்காட்டைக் கடந்து இருப்பின் அது களர் நிலம். இரண்டின் தன்மையும் கூடியது களர் உவர் நிலம். உயிர், மெய், உயிர்மெய் என்னும் அதே அமைப்பு இங்கும் வந்து நிற்பது காண்க.

இவ்வெல்லை ஏன் இன்றியமையாதது? மருந்து வேறு ஆதலால். உவர் நிலத்தில் கரைந்து கிடப்பன உப்புகள். வடிகால் வெட்டி நல்ல நீரைத் தேக்கி வடித்தால் உப்பு நீங்கும். களர் நிலத்திலோ சோடியம் களித்துகளோடு பற்றிக் கிடக்கிறது. வெறும் நீரால் அது நீங்காது. ஜிப்சம் இட்டு, அதிலுள்ள கால்சியம் சோடியத்தைப் பெயர்த்த பின்னரே நீர் அதனைக் கழுவிச் செல்லும். களரை உவரெனக் கருதி நீர் மட்டும் பாய்ச்சிய உழவர்க்கு நீரும் வீண், உழைப்பும் வீண், அப்பருவமும் வீண்.

இங்குப் புதுச்சொல் எதுவும் படைக்கப்படவில்லை. உழவர் வாயில் கிடந்த சொல்லே தேர்ந்தெடுக்கப்பட்டு வரையறை பெற்றது. வல்லுநரும் உழவரும் ஒரே சொல்லால் பேச முடிகிறது. கலைச்சொல் ஆக்கத்தின் பெரும்பகுதி சொல்லைப் படைத்தல் அன்று, சொல்லுக்கு எல்லை கட்டுதல் என்பதை இச்சான்று தெளிவுறுத்தும். கொத்தனாரின் ரசமட்டம், மூலைமட்டம், தூக்குக்குண்டு ஆகியனவும், கரையோர மீனவர் திசைதோறும் காற்றுக்கு இட்ட வாடை, கொண்டல், கச்சான், சோழகம் ஆகியனவும் இவ்வாறு எல்லை கட்டப்படக் காத்திருக்கும் செல்வங்கள்.

பொருளிலிருந்து சொல்லுக்கு

பிற மொழியினர் இப்பணியை எவ்வாறு ஆற்றினர் என்பதும் அறியத்தக்கது. பிரான்சில் லவாசியே, கீட்டன் தெ மொர்வோ, பெர்தொலே, பூர்குருவா ஆகிய நால்வரும் கூடி 1787 ஆம் ஆண்டு வேதியியல் பெயரிடு முறையை வெளியிட்டனர். அதற்கு முன் ஒரே பொருளுக்கு ஊருக்கொரு பெயர், கண்டவர்க்கொரு பெயர் வழங்கியது. சேர்மத்தின் பெயர் அதில் அடங்கிய தனிமங்களைக் காட்ட வேண்டும் என்னும் ஒரே நெறியால் அவர்கள் அக்காட்டைச் சோலையாக்கினர்.

அவர்கள் வழங்கிய ஆக்ஸிஜன் என்னும் பெயர் கிரேக்க மொழியில் அமிலத்தைப் பிறப்பிப்பது என்று பொருள்படும். எல்லா அமிலத்திலும் அவ்வாயு உண்டு என லவாசியே நம்பினார். குளோரின் ஒரு தனிமமே என 1810 ஆம் ஆண்டு ஹம்பிரி டேவி காட்டியபோது, ஆக்ஸிஜன் சிறிதும் இல்லாத அமிலமும் உண்டு என்பது உறுதியாயிற்று. பெயரின் வேர்ப்பொருள் பொய்த்தது. பெயரோ இன்றும் நிற்கிறது. எச்சொல் எப்பொருளுக்கு என்பதில் உலகம் இசைந்துவிட்டது. ஆதலால் வேர்ப்பொருளின் பிழை எவரையும் இடறவில்லை. பிராணவாயு, உயிர்வளி, ஆக்ஸிஜன், ஒட்சிசன் என்னும் நான்கனுள் எது அழகியது என்று வாதிடுவோர் சிந்திக்க வேண்டிய செய்தி இது. அழகு வேண்டும், வேர்ப்பொருளின் பொருத்தமும் வேண்டும். இரண்டினும் மேலாக உடன்பாடு வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் ஆஸ்திரிய நாட்டு ஆய்கன் வூஸ்டர் இப்பணியை ஒரு தனித்துறையாகவே வளர்த்தார். மின்பொறியியற் சொற்களைத் தரப்படுத்துவது பற்றிய அவர் ஆய்வு 1931 ஆம் ஆண்டு வெளிவந்தது. அகராதிக்காரர் சொல்லிலிருந்து பொருளுக்குச் செல்வார். கலைச்சொல் தொகுப்பவர் பொருளிலிருந்து சொல்லுக்கு வர வேண்டும் என்பது அவர் கோட்பாட்டின் அடிப்படை. முதலில் துறையின் கருத்துகளைத் திரட்டுதல், பின்னர் அவற்றை இனம், கிளை, உறுப்பு என உறவுபடுத்துதல், ஒவ்வொன்றுக்கும் வரையறை எழுதுதல், அதன் பின்னரே பெயர் சூட்டுதல் என்பது முறை. பல பெயர் வழக்கில் இருப்பின் ஒன்றை முதன்மைச் சொல் எனவும், சிலவற்றை ஏற்கத்தக்கன எனவும், மயக்கம் தருவனவற்றை விலக்கத்தக்கன எனவும் குறிப்பர்.

தமிழறிந்தார்க்கு இது புதுமை அன்று. திவாகர நிகண்டு அகர வரிசையில் அமையவில்லை. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம், பண்பு, செயல், ஒலி எனப் பொருள்வகையால் அமைந்தது. ஒரு சொல் பல பொருள் தருவதற்கு ஒரு தொகுதியும், எண்ணால் தொகுத்த பொருட்கூட்டத்துக்கு ஒரு தொகுதியும் தனியே வைத்தது. இன்றைய ஆய்வுத்துறைச் சொற்றொகுதிகளின் தாய்வடிவம் என்றே நிகண்டைக் கருதலாம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960 ஆம் ஆண்டு முதல் வெளியிடும் மருத்துவத் தலைப்புச் சொற்றொகுதி நோய், உறுப்பு, மருந்து எனக் கிளைவழியே அமைந்தது. ஒரு நோயை எப்பெயரால் தேடினும் அத்தொகுதி ஒரே தலைப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1980களில் தொடங்கிய அக்ரோவாக் என்னும் தொகுதியில் இன்று ஒவ்வொரு கருத்துக்கும் தனி அடையாளம் உண்டு. அதன்கீழ்ப் பல மொழிப் பெயர்களும் நிற்கின்றன.

தமிழ்ப் பணி எங்ஙனம் அமைதல் வேண்டும்?

தமிழுக்கு வேண்டியதும் இத்தகைய அமைப்பே. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியம், அருளியின் அருங்கலைச்சொல் அகரமுதலி, மணவை முஸ்தபாவின் அகராதிகள், இலங்கைக் கல்வித்துறையினரின் தொகுதிகள் எனச் செல்வம் நிறையக் குவிந்துள்ளது. 2010 ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியபோது, இச்செல்வத்தை வகுப்பறைச் சில்லறையாக மாற்றும் தேவை நேரில் வந்து நின்றது.

முதல் தேவை, கருத்துக்கு எண் இடுதல். பருப்பொருளின் அளவு என்னும் கருத்துக்கு ஓர் எண். புவி ஈர்க்கும் விசைக்கு வேறோர் எண். முதல் எண்ணின்கீழ்த் தமிழகத்தில் நிறை, இலங்கையில் திணிவு எனப் பதிதல் வேண்டும். இரண்டாம் எண்ணின்கீழ்த் தமிழகத்தில் எடை, இலங்கையில் நிறை எனப் பதிதல் வேண்டும். நிறை என்னும் சொல்லுக்கு அருகில் மயக்கம் தருவது என்னும் எச்சரிக்கையும் நிற்க வேண்டும். எந்தக் கரையும் தன் சொல்லை இழக்க வேண்டுவதில்லை. வெற்றி தோல்வி என்னும் எண்ணம் எழுமாயின் இப்பணி முதல் நாளிலேயே முறிந்துவிடும். காலப்போக்கில் மயங்கும் சொல் தேய்ந்து மயங்காச் சொல் வளரும். திணிவு, எடை என்னும் இரண்டும் மயக்கமற்றவை என்பதை இரு கரையாரும் தாமே உணரக்கூடும்.

இரண்டாம் தேவை, கிளைக்கும் வேரைத் தேர்தல். மின்னலைக் குறித்த மின் என்னும் பழஞ்சொல் மின்னோட்டம், மின்தடை, மின்னழுத்தம், மின்கலம், மின்காந்தம், மின்தேக்கி எனத் தழைத்தது. தனித்து அழகாக நிற்கும் சொல்லினும், பத்துச் சொல்லைப் பெற்றுத் தரும் சொல்லே அறிவியலுக்கு உகந்தது.

மூன்றாம் தேவை, கற்பிப்பவரும் கற்பவரும் தொழிலாளரும் குழுவில் இடம்பெறுதல். மொழியறிஞர் மட்டும் கூடினால் தூய்மை பேசப்படும். துறையறிஞர் மட்டும் கூடினால் ஆங்கிலம் பேசப்படும். இருவர்க்குமிடையே நின்று, இச்சொல் வகுப்பில் செல்லும், இச்சொல் செல்லாது என்று கூறத்தக்கவர் ஆசிரியரும் மாணவருமே.

கவிஞர்க்கு உரிய இடம்

இப்பணியில் கவிஞர்க்கும் இடமுண்டு. இலங்கை மாணவர் விரைவு கூடுதலை ஆர்முடுகல் என்றும், குறைதலை அமர்முடுகல் என்றும் கற்கின்றனர். தமிழக மாணவர் முடுக்கம் என்று கற்கின்றனர். இரண்டும் முடுகு என்னும் ஒரே வேரிலிருந்து எழுந்தவை. அந்த முடுகு எங்கிருந்து வந்தது என்பதைக் கவிஞர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. பாட்டின் நடை விரைந்து உருளும் முடுகியலை அறிந்தவர் செவியில் அச்சொல் முன்பே ஒலித்துக்கொண்டிருக்கிறது. இயற்பியல் இரு கரையிலும் தனித்தனியே சென்று தட்டியது ஒரே கதவை. அது யாப்பின் கதவு.

ஆகவே கவிஞர் ஆற்றத்தக்க பணிகள் இரண்டு. ஒன்று, மறைந்து கிடக்கும் சொற்களை எடுத்துக் கொடுத்தல். ஊர்தோறும் உழவர், நெசவாளர், தச்சர், மீனவர் வாயில் வழங்கும் சொற்களைக் கவிஞரைப் போல் கூர்ந்து கேட்பவர் வேறிலர். மற்றொன்று, ஆக்கிய சொல்லை நாவில் இட்டுப் பார்த்துச் சொல்லுதல். ஐந்து அசையில் தடுக்கி விழும் சொல்லை எக்குழு ஏற்பினும் மக்கள் ஏற்கார். அதனை முதலில் உணர்ந்து உரைக்க வல்லது கவிஞரின் செவியே. ஆயின் கவிஞர் விட்டுக்கொடுக்க வேண்டிய ஒன்றும் உண்டு. தாம் படைத்த சொல்லே வழங்க வேண்டும் என்னும் விழைவை அவர் கைவிட வேண்டும். கவிதையில் சொல் கவிஞருடையது. கலைச்சொல்லாகிவிட்டால் அது எவருடையதும் அன்று.

பத்தாண்டுகள் கூடியிருந்து சொல்லாராய்ந்த வட்டம் இது. ஒவ்வோர் உறுப்பினரும் தத்தம் ஊரில் வழங்கும் ஒரு தொழிலின் சொற்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றும் எதைச் சுட்டுகிறது, எதைச் சுட்டாது என்று எல்லை கட்டி எழுதினால், பதினோராம் ஆண்டின் பணி தொடங்கிவிடும். அவ்வேடுகள் இரு கரைத் தமிழரும் ஒருங்கே திறந்து பார்க்கும் ஒரு தொகுதிக்குள் சென்று சேருமானால், தமிழ் பேசும் எந்தப் பிள்ளையும் தன் தாய்மொழிச் சொல்லால் தேர்வுத்தாளில் ஏமாறாத காலம் வரும். அதற்கான உழைப்பை இவ்வட்டம் மேற்கொள்ளுமாக.